பாலர் படுகொலைத் திருநாளும் நம் நாட்டுப் பெண்மகவும்

நாட்கள் எல்லாம் ஒரு தன்மையனவே. ஞாயிறு எழுதலும் மறைதலும் எந்நாளும் ஒன்றே. ஆயினும் மக்கட் கூட்டம் சில நாட்களைத் தெரிந்தெடுத்து, அவற்றிற்குப் பெயரிட்டு, தன் நினைவுகளை அவற்றுட் பொதிந்து வைக்கின்றது. ஒரு கூட்டத்தார் எதனை மறவாதிருக்க விரும்புகின்றனர் என்பதை அறியவேண்டின், அவர்தம் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தல் போதும். கிறிஸ்தவத் திருச்சபைக்கும் அத்தகைய பஞ்சாங்கம் ஒன்று உண்டு. வருகைக் காலத்தில் தொடங்கி, பிறப்பு, பாடு, உயிர்ப்பு, ஆவியின் பொழிவு என்று ஒழுங்குபட நடக்கும் அவ்வாண்டினுள், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு மூன்றாம் நாளாக, டிசம்பர் 28-இல், ஒரு திருநாள் வருகின்றது. ஏரோது மன்னனின் ஆணையால் பெத்லகேமில் மடிந்த மாசற்ற பாலரின் நினைவு நாள் அது. நம் நாட்டுச் சபைகளுள் பல அதனைப் பெயரளவிற்கே அறியும். பண்டிகையின் களிப்பினின்று புத்தாண்டு இரவின் ஆராதனைக்கு நாம் ஒரே தாவாகத் தாவி விடுகின்றோம். இடையே கிடக்கும் அத்திருநாளைத் தாண்டிச் செல்லும் உரிமை வேறெந்நாட்டார்க்கு இருப்பினும், சேலம் தருமபுரி மாவட்டங்களில் வாழும் கிறிஸ்தவர்க்கு இல்லை என்பதே இக்கட்டுரையிற் கூறப் புகுந்த பொருள்.

முதற்கண், மனித உயிரின் தூய்மையைத் திருச்சபையின் ஆண்டு எவ்வாறு போற்றுகின்றது என்பதைச் சிறிது நோக்குவோம். மார்ச்சு 25-ஆம் நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். அது மரியாளுக்குத் தேவதூதன் செய்தி உரைத்த நாள். அதற்கும் டிசம்பர் 25-க்கும் இடையே உள்ள காலம் சரியாக ஒன்பது திங்கள். கிறிஸ்துவின் வாழ்வைத் தொட்டிலிலிருந்து எண்ணாமல், தாயின் வயிற்றிலிருந்தே எண்ணிற்றுத் திருச்சபை. மரியாள் மலைநாட்டிற்கு விரைந்து சென்று எலிசபெத்தைக் கண்டதற்கும் ஒரு திருநாள் உண்டு. அந்நாளில் முதன்முதல் மகிழ்ந்து துள்ளியவன் இன்னும் பிறவாத ஒரு மகவு என்று லூக்கா சுவிசேஷகர் எழுதியுள்ளார். அம்மகவாகிய யோவானின் பிறப்பும் ஜூன் 24-இல் திருநாளாயிற்று. கண்ணிற்குப் புலனாகாத உயிரையும் பெயர்சொல்லி வரவேற்கும் பஞ்சாங்கம் இது.

இனித் தபசுக் காலமோ, மனிதன் மண் என்பதை நினைவூட்டி, அம்மண்ணின்மேல் ஆண்டவர் வைத்த அன்பையும் நினைவூட்டுகின்றது. குற்றமற்ற ஒருவர்மேல் அரசும் கூட்டமும் சேர்ந்து கொலைத் தீர்ப்பு அளித்த கதையைப் பெரிய வெள்ளி நம் முன் நிறுத்துகின்றது. உயிர்த்தெழுதல் திருநாளில், அத்தீர்ப்பைத் தேவன் மாற்றினார் என்று பாடுகின்றோம். பெந்தெகொஸ்தே நாளிலோ, குமாரர் குமாரத்திகள் இருபாலார் மேலும் ஆவி பொழியப்பட்டது என்று கேட்கின்றோம். ஆணுக்கு ஒரு தட்டும் பெண்ணுக்கு ஒரு தட்டும் வைத்து நிறுக்கும் தராசு அங்கு இல்லை. இவ்வாறு ஆண்டு முழுவதும் ஒரே பாடம் திரும்பத் திரும்ப ஓதப்படுகின்றது. அப்பாடத்தின் மிகக் கடுமையான பகுதியே டிசம்பர் 28.

அந்நாளின் வரலாறு யாவரும் அறிந்ததே. ஆயினும் ஒன்று கவனிக்கத் தக்கது. பெத்லகேம் ஒரு சிற்றூர். அவ்வூரிலும் அதன் எல்லைகளிலும் இரண்டு வயதிற்குட்பட்ட ஆண் பிள்ளைகள் மிகப் பலர் இருந்திருத்தல் இயலாது. ஏறத்தாழ இருபதின்மர் இருக்கலாம் என்று திருமறை ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். பேரரசின் கணக்கில் அது ஒரு கணக்கே அன்று. அக்காலத்து வரலாற்றாசிரியர் பிறர் எவரும் அதனைக் குறித்ததாகவும் தெரியவில்லை. ஆனால் திருச்சபை குறித்தது. ஐந்தாம் நூற்றாண்டு முதலே அவர்களுக்கென ஒரு நாளை ஒதுக்கிற்று. பெயர் அறியப்படாத, பேசவும் அறியாத அச்சிறு பிள்ளைகளைத் தன் இரத்தசாட்சிகளின் வரிசையில் வைத்தது. சில பதின்மருக்காக உலகமெங்கும் ஒரு நாள்! அங்ஙனமாயின், ஆயிரக்கணக்கில் மடிந்த நம் நாட்டுப் பெண்மகவுகளுக்கு நம் சபைகளில் ஒரு மணிநேரமும் இல்லையா?

நான் மிகைபடக் கூறவில்லை. பொம்மிடி, சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், சோலையார்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர். இன்று தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1965-இல் அம்மாவட்டம் பிரிக்கப்படும் முன்னர்ச் சேலம் மாவட்டத்தினுள் அடங்கியிருந்தது. இவ்விரு மாவட்டங்களின் பெயரும், மதுரைப் பக்கத்து உசிலம்பட்டியின் பெயரும், சென்ற நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் உலகச் செய்தித்தாள்களில் அடிபட்டன. மாங்கனிக்காகவோ மஞ்சளுக்காகவோ அடிபடவில்லை. பெண் சிசுக்கொலைக்காக அடிபட்டன. எருக்கம்பால் என்ற சொல்லைக் கேட்டால் மருந்தை நினையாமல் மரணத்தை நினைக்கும் நிலை அக்காலத்தில் உண்டாயிற்று.

மக்கட்தொகைக் கணக்கு பொய் சொல்வதில்லை. இயற்கையில் ஆயிரம் ஆண்மகவுகள் பிறக்குமிடத்து ஏறத்தாழ 950 பெண்மகவுகள் பிறக்கும். 1991-ஆம் ஆண்டுக் கணக்கில், சேலம் மாவட்டத்தில் ஆறு வயதிற்குட்பட்ட ஆண் பிள்ளைகள் ஆயிரவர்க்குப் பெண் பிள்ளைகள் 849 பேரே இருந்தனர். 2001-ஆம் ஆண்டுக் கணக்கில் தருமபுரி மாவட்டத்தின் எண் 826. அவ்வாண்டில் தமிழ்நாடு முழுமைக்கும் அவ்வெண் 942. ஆயிரத்திற்கு நூற்றுக்கு மேற்பட்ட பெண்மக்கள் எங்கே போயினர்? அவர்கள் வேறூருக்குக் குடிபெயர்ந்து போகவில்லை; பள்ளியிற் சேர்ந்து படிக்கவும் போகவில்லை. சிலர் பிறந்த சில நாட்களில் மண்ணுக்குள் போயினர். வேறு சிலர் பிறக்கவே விடப்படவில்லை.

2011-ஆம் ஆண்டில் தருமபுரியின் எண் 913 ஆக உயர்ந்தது. அரசினரும், ஊர்தோறும் நடந்து தாய்மாரோடு பேசிய தொண்டர்களும், செவிலியரும் செய்த நற்பணியின் பயன் அது. அவர்களுக்கு நாம் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். எனினும் 913 என்பது 950 அன்று. கொலையின் இடம் வீட்டின் பின்கட்டிலிருந்து ஸ்கேன் அறைக்கு மாறியுள்ளது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. கருவின் பாலினத்தை அறிந்து கூறுதலைத் தடுக்கும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு, 1996-இல் நடைமுறைக்கு வந்தது. 2003-இல் மேலும் இறுக்கப்பட்டது. சட்டத்தை மீறி மறைவில் ஸ்கேன் கருவியை வைத்துப் பிழைப்போர் பிடிபட்ட செய்தி, அண்மை ஆண்டுகளிலும் தருமபுரிப் பகுதியிலிருந்து வந்துகொண்டே உள்ளது. ஏரோதுக்கு வீரரும் வாளும் வேண்டியிருந்தன. இக்காலத்துக்கு ஒரு சிறு பெட்டியும் ஒரு தலையசைப்பும் போதும்.

இதனைக் கேட்ட அளவில் நம்முள் எழும் முதல் உணர்ச்சி சினம். "என்ன கொடிய தாய்!" என்று கூறிவிட்டு, நம் கைகளைக் கழுவிக்கொள்ள விரும்புகின்றோம். இவ்விடத்தில் பழைய கடிதம் ஒன்றை நினைவுகூர்தல் தகும். எகிப்து நாட்டு மணலுள் பன்னூறாண்டுகள் புதைந்து கிடந்து பின் வெளிப்பட்ட அக்கடிதம் கி.மு. 1-ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. நம் ஆண்டவர் சிறுபிள்ளையாயிருந்த காலத்தை ஒட்டியது. இலாரியோன் என்ற கூலியாள் பிழைப்பின்பொருட்டு அலெக்சாந்திரியா நகருக்குச் சென்றிருந்தான். அங்கிருந்து ஊரிலுள்ள தன் மனைவிக்கு எழுதுகின்றான். கவலைப்படாதே என்று தேற்றுகின்றான். பிள்ளையைப் பார்த்துக்கொள் என்கின்றான். கூலி கிடைத்தவுடன் அனுப்புகின்றேன் என்கின்றான். உன்னை எவ்வாறு மறப்பேன் என்று உருகுகின்றான். அவற்றினிடையே, பிறக்கப்போவது ஆணாயின் வைத்துக்கொள், பெண்ணாயின் எறிந்துவிடு என்ற கருத்தையும், வீட்டுச் செலவைப் பற்றிக் கூறுவதுபோல, ஒரு வரியில் எழுதிவிடுகின்றான்.

இவன் அரக்கனா? மனைவியிடம் அன்புடையவன், உழைப்பாளி. நம் மாவட்டத்திலிருந்து மூட்டை முடிச்சுடன் இரயிலேறிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்லும் ஏழை மக்களைப் போன்ற ஒருவன். அவன் நெஞ்சில் ஈரம் இல்லாமல் இல்லை. வழக்கம் என்னும் கொடுங்கோலன் அவன் கையைப் பிடித்து அவ்வரியை எழுதுவித்தான். பெத்லகேமின் ஏரோது ஒரு மனிதன், அவன் இறந்தொழிந்தான். வழக்கமாகிய ஏரோதுக்கோ இறப்பில்லை. அவன் அரண்மனையில் இராமல் நம் வீட்டுக் கூடத்திலேயே அமர்ந்திருக்கின்றான். அவன் நம் நாட்டிற் கொண்டுள்ள பெயர் வரதட்சணை.

பெண் பிறந்தாள் என்றவுடன் வீட்டார் எண்ணத் தொடங்குவது எதனை? பெயரையா? கல்வியையா? சவரனை அன்றோ எண்ணுகின்றனர்! காது குத்துமுதல் கலியாணம்வரை, கலியாணமுதல் தலைப்பிள்ளைப் பேறுவரை, பிறந்தகம் செலுத்தவேண்டிய சீர்களின் வரிசை அவர்தம் கண்முன் நீள்கின்றது. காணி நிலமும் மழையை நம்பிய பயிருமாகப் பிழைக்கும் குடும்பத்துக்கு அவ்வரிசை தூக்குக் கயிறாகத் தோன்றுகின்றது. ஒருத்தியையேனும் கரையேற்றலாம், இரண்டாமவள் பிறந்தால் இருவரும் மூழ்குவர் என்று கணக்கிடுகின்றனர். மகவைக் கொன்ற தாய் குற்றமற்றவள் என்று நான் கூறவில்லை. உயிர் தேவனுடையது, அதனை எடுக்கும் உரிமை தாய்க்கும் இல்லை. ஆயினும் அவள் கையில் அப்பாலாடையைத் திணித்த கைகள் பல. அவற்றுட் சில ஜெபத்திற்காகக் குவியும் கைகள்.

"இஃது எங்கள் சபையாரிடையே உள்ள குற்றம் அன்று, நாங்கள் ஏன் இதனை ஆலயத்துக்குள் கொண்டுவரவேண்டும்?" என்று சிலர் வினவலாம். நன்று. நம் சபையார் எவரும் ஒரு மகவையும் கொன்றதில்லை என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் வரதட்சணை வாங்கியதில்லையா? அதனைத் தடுக்கும் சட்டம் 1961-இல் வந்தது. அதற்குப் பின் நம் ஆலயங்களில் வாசிக்கப்பட்ட கலியாண ஓலைகளுள், பணமும் நகையும் பேசப்படாதவை எத்தனை? படித்த மாப்பிள்ளைக்கு ஒரு விலை, அரசாங்க உத்தியோகமாயின் இன்னொரு விலை என்று கூறுவோர் நம்முள் இல்லையா? ஊரின் உயர்ந்தோர் எதைச் செய்கின்றனரோ அதனையே எளியோரும் செய்வர். கொடுக்க வல்லவன் கொடுக்குந்தோறும், கொடுக்க இயலாதவன் வீட்டுத் தொட்டிலின்மேல் கயிறு இறுகுகின்றது. ஆதலின் கொலை நம் தெருவில் நிகழவில்லை என்பது நமக்கு விடுதலைப் பத்திரம் ஆகாது.

வேறு சிலர், "சட்டம் இருக்கின்றது, அரசினர் பார்த்துக்கொள்வர்" என்பர். சட்டம் வேண்டற்பாலதே. ஆனால் திருச்சபையின் பழைய வரலாறு நமக்கு ஒன்றைக் கற்பிக்கின்றது. உரோமப் பேரரசில் மகவைக் கொல்லுதலைக் கொலைக்குற்றமாக்கிய சட்டம் கி.பி. 374-இல் பிறந்தது. அதற்கும் முன்னரே, அந்நூற்றாண்டின் முற்பகுதியில், கான்ஸ்டன்டைன் மன்னன், வறுமையால் பிள்ளையை வளர்க்க இயலாத பெற்றோருக்கு அரசுப் பண்டாரத்தினின்று உணவும் உடையும் தாமதமின்றி அளிக்குமாறு ஆணையிட்டான். முதலில் உதவி, பின்னர்த் தண்டனை. இவ்வரிசை பொருளுடையது. பசித்த தாய்க்கு ஒன்றும் கொடாமல் அவளைச் சிறைக்கு அனுப்பும் சமுதாயம் உயிரைப் போற்றும் சமுதாயம் ஆகாது.

தொட்டில் வைக்கும் வழக்கமும் புதிதன்று. இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் பட்டு வணிகர் சங்கத்தார் கைவிடப்பட்ட மகவுகளுக்கென ஓர் இல்லம் கட்டினர். புருனெல்லெஸ்கி என்னும் சிற்ப வல்லுநர் அதனை வகுத்தார். அதற்கு அவர்கள் இட்ட பெயர் யாது? டிசம்பர் 28-ஆம் நாளுக்குரிய மாசற்ற பாலரின் பெயரே! 1445-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் அங்கு விடப்பட்ட முதற் குழந்தை ஒரு பெண். அன்று அகத்தம்மாளின் திருநாள் ஆதலின் அவளுக்கு அகத்தா என்று பெயரிட்டனர். நம் தமிழ்நாட்டிலும், திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில், ஆமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல், ஆலயங்களுக்கு விடப்படும் நிலையிலிருந்த பெண் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். 1992-இல் தமிழக அரசு சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2001-இல் தருமபுரி முதலிய மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. பெயரும் ஊரும் கேளாமல் மகவை ஏற்றுக்கொள்ளும் அத்தொட்டில்கள் பல உயிர்களைக் காத்தன. அவற்றை இகழ்வோர் அறியாதாரே.

ஆயினும் தொட்டில் முடிந்த மருந்து அன்று. பிளாரன்ஸ் இல்லத்தில் சேர்ந்த மகவுகளுட் பல தாயின் சூடின்றி, நோயுற்று மாண்டன என்று வரலாறு கூறும். இக்காலத்தில் மருத்துவம் வளர்ந்துள்ளது, மகவு பிழைக்கும். ஆனால் தொட்டில் மகவைக் கொலையினின்று காக்கின்றதேயன்றி, "பெண் வேண்டா" என்ற தீர்ப்பை மாற்றுவதில்லை. மகளைத் தொட்டிலில் இட்டுத் திரும்பும் தாயின் நெஞ்சை யார் காப்பார்? அம்மகளைத் தாயின் மடியிலேயே காக்கும் வழியைத் தேடுவதே சிறந்த பணி. அப்பணி அரசின் அலுவலகத்திலிருந்து மட்டும் நடவாது. ஊரிலிருந்து, வீட்டிலிருந்து, ஆலயத்திலிருந்து நடத்தல் வேண்டும்.

ஆதலின் நம் சபைகளின் முன் சில எண்ணங்களைத் தாழ்மையுடன் வைக்கின்றேன்.

ஒன்று. பொம்மிடியிலும், அதனைச் சூழ்ந்த ஊர்களிலும், சேலம் தருமபுரி மாவட்டங்களின் சபைகள் யாவற்றிலும் டிசம்பர் 28-ஐ மெய்யாகவே ஆசரித்தல் வேண்டும். அவ்வாண்டில் பிறந்த பெண்மகவுகள் அனைவரையும், எச்சமயத்தார் வீட்டு மகவாயினும், விரும்பி வருவோரை அழைத்து, ஊரறிய வாழ்த்துதல் வேண்டும். மறைந்த மகவுகளுக்காக மணியடித்து ஒரு நிமிடம் மெளனம் காத்தலும் நன்று. ராகேலின் அழுகையை வாசித்தால் மட்டும் போதாது. அவளுடன் அமர்ந்து அழவும் வேண்டும்.

இரண்டு. தபசுக் காலத்தில் நாம் ஒறுத்துச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கு, இரண்டாவது மூன்றாவது பெண்மகவைப் பெற்ற ஏழைத் தாய்மாரின் கைக்குச் செல்லுதல் வேண்டும். பிள்ளைப்பேற்றின் முதற் சில வாரங்களே அபாயமானவை. அவ்வாரங்களில் ஒரு படி அரிசியும், அன்புடன் வந்து அமரும் ஒரு மூதாட்டியும் ஓர் உயிரைக் காக்கலாம்.

மூன்று. கலியாண ஓலை வாசிக்கப்படுமுன், இரு வீட்டாரும் பணமும் நகையும் பேசவில்லை என்று குருவானவர் முன் உறுதி கூறுதல் வேண்டும். பொய் உறுதி கூறுவார் இருப்பர். இருப்பினும், சொல்லக் கூசும் ஒரு சிலரேனும் திருந்துவர்.

நான்கு. இது மாணாக்கராகிய நமக்கே உரியது. நம்முட் சிலர் மருத்துவராவர், சிலர் செவிலியராவர், சிலர் கருவிகளை இயக்குவோராவர். எகிப்து மன்னனின் ஆணைக்கு அஞ்சாது எபிரெய மகவுகளை உயிரோடு காத்த சிப்பிராள், பூவாள் என்னும் மருத்துவச்சிகள் இருவரின் பெயரையும் திருமறை காத்து வைத்துள்ளது. ஆணையிட்ட பார்வோனின் பெயரையோ அது கூறவில்லை! ஸ்கேன் அறையில் ஒரு தலையசைப்பிற்குக் கூலி நீட்டப்படும் நாளில், நம் தோழர் அவ்விருவரையும் நினைவார்களாக. ஏனையோரும் தப்ப இயலாது. நம்முள் ஒவ்வோர் இளைஞனும் ஒரு நாள் மாப்பிள்ளையாக அமர்வான். அன்று அவன் வாய் திறந்து கூறும் "வேண்டா" என்னும் ஒரு சொல், பத்துப் பிரசங்கங்களினும் மேலானது.

நண்பர்களே, கிறிஸ்து பிறப்பின் விளக்குகளை நாம் ஆண்டுதோறும் ஏற்றுகின்றோம். மாட்டுத் தொழுவத்தில் இடம் பெற்ற ஒரு மகவைப் பாடுகின்றோம். அம்மகவுக்கு இடம் கொடாத சத்திரத்தாரைக் குறைகூறுகின்றோம். நம் வீட்டிற் பிறக்கும் பெண்மகவுக்கு இடம் உண்டா என்பதே அவ்விளக்குகள் நம்மைக் கேட்கும் வினா. "ஆண் பிறந்தால் சர்க்கரை, பெண் பிறந்தால் பெருமூச்சு" என்ற நிலை நீங்கி, எம்மகவு பிறப்பினும் ஒரே வகை இனிப்பைத் தெருவெங்கும் வழங்கும் நாள் வரவேண்டும். அந்நாளில் தருமபுரியின் கணக்கேட்டில் 950 என்னும் எண் தானே எழுதப்படும். அதுவரை டிசம்பர் 28 நமக்கு ஓய்வு நாள் அன்று. கணக்குக் கொடுக்கும் நாள்.

பெண்மகவு வாழ்க! அவளைப் பெற்ற வயிறு குளிர்க!